துணிக்கொடியைத் தாங்கிய முட்டுக்கால்

அச்சகத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பேர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் அடையாள அட்டையோடு சரி, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பைண்டிங் பகுதியில் ஜன்னலோர மேஜை, கையில் வழுவழுவென்று தேய்ந்த ஒரு மரத்துண்டு, எதிரே அச்சடித்த தாள் குவியல். தாளை எடுப்பாள், மடிப்பாள், மரத்துண்டால் ஒரு இழுப்பு இழுப்பாள், அடுத்தது. ஆயிரம் ஆனதும் ஒரு கட்டு. பதினெட்டு வருஷமாக இதேதான். பக்கத்து மேஜைக்காரி உலகக் கதையெல்லாம் பேசிக்கொண்டே வேகவேகமாக மடிப்பாள், மத்தியானத்துக்கு மேல் தோள் வலி என்று உட்கார்ந்துவிடுவாள். மடிப்பக்காவின் கை காலையில் எப்படிப் போகுமோ சாயங்காலமும் அப்படியே போகும். அவசரமும் கிடையாது, சுணக்கமும் கிடையாது. இது ஒரு திறமை என்று அவளுக்கே தெரியாது, யாரும் சொன்னதும் இல்லை. கழுத்து வலிக்கிறது என்று மட்டும் சொல்வாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கயிற்றில் தொங்கும் லிஃப்ட் அவருக்கு ஆகாது, எண்ணெயில் ஏறி இறங்கும் லிஃப்ட்தான். நகரத்தில் எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும் மனுஷர் முதலில் தரையைத்தான் பார்ப்பார், எங்கேயாவது எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று. அதனால் தொழில்காரர்கள் அவரைச் சொட்டு என்பார்கள். பேரைக் கேட்டுவிட்டு வழுக்கைத் தலையைத் தேடினவர்கள் உண்டு. மனுஷருக்கு என்னவோ காடு மாதிரி முடி.

எண்ணெயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணமான புதுசில் ஒரு நாள் மருந்துக்கடையிலிருந்து இரண்டு ஊசிக்குழாய் வாங்கி வந்தார், ஒன்று சுண்டுவிரல் மாதிரி, ஒன்று கட்டைவிரலைவிடப் பருமன். இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய், உள்ளே எண்ணெய். பெரிய குழாயின் தண்டின் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்து, சின்னக் குழாயை அவளை அமுக்கச் சொன்னார். அமுக்கினாள். இஸ்திரிப் பெட்டி எழும்பியது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கு அவர் சொன்னது அவளுக்கு மனப்பாடம். மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும், வாரம் ஒரு தரம் சொன்னால்? எண்ணெயை எவ்வளவு அமுக்கினாலும் சுருங்காது. ஒரு மூலையில் கொடுத்த அழுத்தத்தை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கொண்டுபோய்ச் சேர்க்கும், பெரியவன் சின்னவன் பார்க்காது. சின்னத் தண்டில் ஒரு விரல் அகலத்துக்கு நீ கொடுக்கிற அழுத்தம், பெரிய தண்டில் பத்து விரல் அகலத்தில் பத்து பேர் தள்ளுகிற மாதிரி நிற்கும். ஆனால் சும்மா கிடைக்காது. நீ சின்னதை ஒரு சாண் தள்ளினால் பெரியது ஒரு விரல்தான் ஏறும். பலத்தைக் கொடுத்துவிட்டுத் தூரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். எண்ணெய் நாணயமானது, காற்றுதான் அயோக்கியன்: உள்ளே புகுந்தால் சுருங்கிச் சுருங்கிக் காலை வாரிவிடும். இப்படியே போகும். அவள் "ஆமா சாமி, ஆமா" என்றபடி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

அச்சகத்துச் சரக்கு லிஃப்டும் அவர் கைவசம்தான். மூன்று மாடி, பழைய கட்டிடம், லிஃப்டைப் பிற்பாடு சொருகியிருந்தார்கள். அதனால் கீழே உள்ள குழி ஆழமில்லை, முழங்காலுக்கு மேல் ஒரு கை உயரம் இருந்தால் அதிகம். அந்தக் குழிக்குள் இறங்கி வேலை செய்கிறவன் முதலில் ஒரு இரும்புக்காலைக் கூண்டுக்கு அடியில் நிறுத்த வேண்டும். முட்டுக்கால் என்பார்கள். எண்ணெய் ஏமாற்றினாலும் இரும்பு ஏமாற்றாது, கூண்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். குழிக்குள்ளேயே, தவறி இறங்கும் கூண்டைத் தடுத்து நிறுத்த, இரும்பாலான இரண்டு தாங்கு கட்டைகளும் இருக்க வேண்டும். அவை தண்ணீர் தேங்கித் தேங்கித் துருப்பிடித்துப் போனதால், பற்றவைத்துக் கொண்டுவருகிறேன் என்று போன வாரம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்.

அந்த முட்டுக்கால் எங்கே இருந்தது தெரியுமா? இவர்கள் வீட்டுப் பின்புறத்தில், துணிக்கொடிக்கு நடுவில். அதற்கும் அவள் வாய்தான் காரணம். கொடி தொய்ந்து துணியெல்லாம் மண்ணில் புரள்கிறது என்று இரண்டு மாசமாக நச்சரித்தாள். "ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் தூக்கி நிறுத்தறீங்க, வீட்டுக் கொடிக்கு ஒரு கம்பு நட வக்கில்ல" என்றாள். மனுஷருக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே முட்டுக்காலைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கொடிக்கு நடுவில் நட்டார். குழி வேலை வருகிறபோது எடுத்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் இங்கே இருக்கட்டும் என்றார். அவளுக்கு வாயெல்லாம் பல்.

குழி வேலை வந்தது. பகல் முழுக்க மின்சாரம் கிடையாது என்று முதல் நாளே அறிவித்துவிட்டார்கள், லிஃப்டை யாரும் கேட்க மாட்டார்கள், தாங்கு கட்டைகளைப் பொருத்த அதைவிட நல்ல நாள் இல்லை. காலையில் அவர் பின்புறம் போய் முட்டுக்காலில் கை வைத்தார். கொடி நிறைய ஈரப் போர்வைகள். கரண்ட் போனால் தண்ணீர் வராது என்று விடியுமுன் எழுந்து அவள் துவைத்துப் போட்டவை.

"கை வைக்காதீங்க," என்றாள் உள்ளேயிருந்தே. "இடுப்பொடியத் துவைச்சிருக்கேன். காஞ்சப்புறம் எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் முட்டுக்காலிலிருந்து கையை எடுத்தார். சரி, எண்ணெய்க் குழாயில் வால்வை மூடிவிட்டு வேலையைப் பார்த்தால் ஆச்சு, எண்ணெய் எங்கே ஓடிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையையும் தகரக் கருவிப்பெட்டியையும் தூக்கினார். இருபத்தைந்து வருஷத் தொழில்காரர் சொல்கிற பேச்சா அது? ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்க வைத்தது யார் என்பதுதான் அவள் நெஞ்சில் இன்றைக்கும் கிடக்கிறது.

பதினொரு மணி இருக்கும். மெஷின்கள் ஓடாததால் அச்சகம் அமைதியாக இருந்தது. மடிப்புக்கு மின்சாரம் எதற்கு, அவள் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. வேலைச் சத்தம் என்று விட்டுவிட்டாள். பிறகு அவர் குரல் கேட்டது. பேரைச் சொல்லிக் கூப்பிடாத மனுஷர் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மரத்துண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

நடந்தது இதுதான். குழிக்குள் இறங்கும்போது கூண்டு நெஞ்சு உயரத்தில் நின்றிருந்தது. இறங்க வசதியாக எல்லா மெக்கானிக்கும் செய்கிறபடி சுவரோரம் போகும் எண்ணெய்க் குழாயில் காலை ஊன்றினார். குழாயின் இணைப்பு விரிசல் விட்டது. மூடிய வால்வு எண்ணெய்த் தொட்டிப் பக்கம் இருந்தது, விரிசலோ அதைத் தாண்டி, கூண்டுப் பக்கம். வால்வை மூடி என்ன பிரயோஜனம், முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான். மொத்தக் குழாயும் வெடித்திருந்தால் அதற்கென்று உள்ள தடுப்பு தானாக மூடிக்கொண்டிருக்கும். இது சின்ன ஒழுக்கு, அதன் கண்ணில் படவே இல்லை. அந்த நொடியே வெளியே பாய்ந்திருக்கலாம். அரைச் சுற்று இறுக்கினால் நின்றுவிடும் என்று ஸ்பேனரை எடுத்தார். இறுக்க இறுக்க விரிசல் வாயைப் பிளந்தது. தலை நிமிர்ந்து பார்த்தபோது கூண்டின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

அவள் வந்து சேர்ந்தபோது நாலு விரல் இடைவெளி இருந்தது, பொருத்துவதற்கென்று அவர் கொண்டுவந்து வெளியே வைத்திருந்த தாங்கு கட்டைகள் அதில் நுழையாது. அவள் தரையில் குப்புற விழுந்து உள்ளே பார்த்தாள். இருட்டு, எண்ணெய் வாடை, அதற்குள் அவர் கண். அச்சு மெஷின் ஓட்டுகிற மெஷின்காரர் கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பப் பார்த்தார். கூண்டு ஒரு பக்கம் சாய்ந்து கிறீச்சிட்டது, வேண்டாம், மொத்தமாக விழுந்துவிடும் என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரர் கத்தினார். மெஷின்காரர் கட்டை கிடைக்குமா என்று கிடங்குக்கு ஓடினார்.

அந்த இடைவெளி வழியாக ஒரு இரும்புக் குழாய் வெளியே நீண்டது. முழ நீளம்.

"கை பம்புக்குப் பிடி இது," என்றார். "புடிச்சுக்கோ. என் பையில இருந்துச்சு."

கரண்ட் இல்லாதபோது லிஃப்டை ஏற்ற எண்ணெய்த் தொட்டியோடு ஒரு கை பம்பு உண்டு. கண்டவனும் விளையாடக் கூடாது என்று அதன் பிடியை மெக்கானிக்குகள் கழற்றித் தங்கள் பையிலேயே வைத்துக்கொள்வார்கள். நல்ல பழக்கம்தான், பை மெக்கானிக்கோடு குழிக்குள் மாட்டிக்கொள்ளாத வரைக்கும். அவள் பிடியை இழுத்துக்கொண்டாள். மெஷின்காரர் கட்டையோடு திரும்பி வருவதற்குள் கூண்டு தரைக்குக் கீழே இறங்கிவிட்டது. இனி ஒரு தாளைக்கூட உள்ளே நுழைக்க முடியாது.

மாடிப்படிக்கு அடியில்தான் எண்ணெய்த் தொட்டி அறை. ஓடினாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அவளுக்குக் கால் ஓடியது, கைதான் எதைத் தொடுவதென்று தெரியாமல் நின்றது. தொட்டி, அதன் மேல் ஒரு குட்டி பம்பு, பக்கத்தில் சிவப்புக் குமிழ் ஒன்று, குறுக்கே திருப்பிய ஒரு கைப்பிடி. எது எதற்கு? வாரம் ஒரு தரம் சொன்னாரே மனுஷர், காது கொடுத்துக் கேட்டிருக்கக் கூடாதா பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எண்ணெய்க் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு குழிக்குள் போகும் ஓட்டை தரையோரம் இருந்தது. கை நுழையாது. குரல் நுழைந்தது.

"வந்துட்டியா?"

"வந்துட்டேங்க."

"குறுக்கால இருக்கிற கைப்பிடியைக் குழாயோட நேரா திருப்பு. நான்தான் மூடினேன். சிவப்புக் குமிழைத் தொடாதே. அது இறக்கறது. தொட்டா நான் இல்ல."

சிவப்புக் குமிழ் பம்புக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது, முழங்கை இடித்தால் போச்சு. கைப்பிடியைத் திருப்பினாள். பிடியைப் பம்பில் சொருகிக் கீழே அழுத்தினாள். எவ்வளவோ பாரம் இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாரமே இல்லை, கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. பம்பு ஓடவில்லையோ என்று பயந்து கேட்டாள். அப்படித்தான் இருக்கும் என்றார், ஒரு டன் கூண்டு உன் ஒரு கையில் இருக்கிறது என்றார்.

"ரெண்டு தடவை அழுத்தினா ஒரு மில்லிமீட்டர் ஏறும். அதுல பாதியை ஒழுக்கு தின்னுடும். ரப்பரைச் சுத்திக் கையால அமுக்கிக்கிட்டிருக்கேன், இல்லன்னா மொத்தத்தையும் தின்னுடும். முழுசா மேல கொண்டுபோய் முழுசா கீழ கொண்டுவா. அவசரப்படாதே. ரெண்டு கட்டு மடிப்புன்னு நெனச்சுக்கோ."

இரண்டு கட்டு. இரண்டாயிரம். ஒரு மணி நேரம் ஆகும். கூண்டு அவர் நெஞ்சுக்கு மேலே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டாள். ஒரு சாண் என்றார். கருவிப்பெட்டியைப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருப்பதாகவும், கூண்டு இப்போது அதன் தலையில் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார். தகரப் பெட்டி ஒரு டன்னை எத்தனை நேரம் தாங்கும் என்று சொல்லவில்லை. அது நெளியும் சத்தம் ஓட்டை வழியாகக் கேட்டது.

அழுத்தினாள். தூக்கினாள். அழுத்தினாள்.

நூறு வரைக்கும் எதையும் நினைக்கவில்லை. நூற்றிப்பத்தில் கேட்டுவிட்டாள்.

"முட்டுக்கால் வெச்சிருந்தா இது வந்திருக்குமா?"

பெட்டிதான் நெளிந்தது. கண் முன்னால் கொடி வந்து நின்றது. நடுவில் அந்த இரும்பு, அதன் மேல் நிம்மதியாகக் காயும் போர்வைகள். நாலு போர்வை. நாலு போர்வை காய்வதற்காகப் புருஷனைக் குழிக்குள் அனுப்பினவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கை தடுமாறும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க," என்றாள். "நான்தான் கை வைக்காதீங்கன்னேன்."

"எண்ணிக்கையை விடாதே," என்றார் அவர்.

இதற்குள் அச்சகமே அறை வாசலில் கூடிவிட்டது. மேனேஜர் தீயணைப்புக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார், வருகிறார்கள் வருகிறார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின்காரரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நல்ல மனுஷர், தடி ஆள், காகிதச் சுருளை ஒற்றை ஆளாக உருட்டிப்போகிறவர்.

"அக்கா, நகருங்க. இந்த வேகத்துல போனா ஆள் செத்துப்போவாரு."

சொல்லிக்கொண்டே அவளை நகர்த்திவிட்டுப் பிடியைப் பிடித்தார். பிடித்தவர் பேய் பிடித்தவர் மாதிரி அடித்தார். அவள் ஒன்று அடிக்கிற நேரத்தில் அவர் நாலு. பார்க்கிறவர்களுக்கு ஒரு தெம்பு வந்தது, அவளுக்கே ஒரு கணம் வந்தது. ஆனால் பிடி முழுசாக மேலே போகவே இல்லை, பாதியிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. எண்ணெய் இழுக்கப் பம்புக்கு நேரமே கிடைக்கவில்லை, வாயைத் திறக்குமுன்பே கன்னத்தில் அறைந்தால் எப்படிச் சாப்பிடும்? உள்ளே கொஞ்சம் காற்றையும் குடித்துவிட்டது. பிடி பஞ்சு மாதிரி அமுங்கியது. ஓட்டைக்குள்ளிருந்து ஸ்பேனரால் சுவரில் தட்டும் சத்தம் வந்தது, படபடவென்று. அதோடு பெட்டி பெரிதாக ஒரு முறை நெளிந்தது.

"யாரு அது?" அவர் குரல் மாறிவிட்டது, நெஞ்சு நிறைய மூச்சிழுக்க இடமில்லாதவர் குரல். "எறங்குது. நீ அடி. நீயே அடி."

மடிப்பக்கா அதுவரை யார்மேலும் கை வைத்தவள் இல்லை. மெஷின்காரரின் தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள், மனுஷர் சுவரில் போய் மோதினார். ஒருத்தரும் கிட்டே வரக்கூடாது என்றாள். பிடியை முழுசாக மேலே தூக்கி, இரண்டு எண்ணும் வரை நிறுத்தி, மெல்லக் கீழே கொண்டுவந்தாள். பஞ்சு. மறுபடி. பஞ்சு. காற்று அயோக்கியன், அவசரப்படுகிறவனைத்தான் ஏமாற்றும் என்பார் அவர். எத்தனை தரம் என்று தெரியாது, ஒரு முறை அழுத்தும்போது பிடிக்கு அடியில் மறுபடியும் அந்தச் சன்னமான எதிர்ப்பு கிடைத்தது. எண்ணெய் வந்துவிட்டது.

அதன் பிறகு அவள் பம்பு அடிக்கவில்லை, தாள் மடித்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். எடு, மடி, இழு. எடு, மடி, இழு. பதினெட்டு வருஷம் அந்தக் கை கற்றுவைத்திருந்தது இந்த ஒன்றைத்தான். தோள் எரிந்தது, விரல் மரத்தது, வேகம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. மெஷின்காரர் வெட்கப்பட்டு மூலையில் நின்றவர், கொஞ்ச நேரம் கழித்து அவள் காலடியில் வந்து உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். நானூற்றி இருபது. நானூற்றி இருபத்தொன்று. அவள் எண்ண வேண்டிய வேலை மிச்சம். அவளுடைய முழங்கைக்கும் சிவப்புக் குமிழுக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நகரும்தான், ஆனால் அம்மிக்கு அடியில் ஆள் கிடந்தால் அந்தப் பழமொழி எப்படி வலிக்கும் என்று சொன்னவர்களுக்குத் தெரியாது.

அறுநூறில் பெட்டி நெளிவது நின்றது. அப்படியென்றால் கூண்டு அதன் தலையை விட்டு எழும்பிவிட்டது. எண்ணூறு சுமாருக்கு அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டது ஓட்டை வழியாகக் கேட்டது. பேசுங்க என்றாள். கை மரத்துப்போச்சு, ரப்பர் வழுக்குது, அமுக்கிப் பிடிச்சிருக்கேன் என்றார். விடுங்க என்று சொல்லவும் முடியாது, பிடிங்க என்று சொல்லவும் மனசில்லை. உள்ளே அவர் கை, வெளியே இவள் கை, நடுவே சுவரைத் துளைத்துப் போகும் அந்தக் குழாய். இவள் அழுத்துகிற ஒவ்வொரு அழுத்தமும் அதே அளவில், கொஞ்சமும் குறையாமல், அவர் உள்ளங்கையில் போய் முட்டுகிறது என்று அவளுக்குத் தெரியும். எண்ணெய் பாரபட்சம் பார்க்காதே.

ஆயிரத்து நூறில் வெளியேயிருந்து கூச்சல் கேட்டது. கூண்டின் அடி தரைக்கு மேலே தெரிகிறதாம். ஒரு விரல். கட்டைகளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்கள், ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கட்டையாக உள்ளே சொருகினார்கள், அவர் ஒரு கையால் வாங்கி வாங்கிக் கூண்டுக்கு அடியில் அடுக்கினார். இனி விழாது என்றார்கள். அவள் நம்பவில்லை. அடித்தாள். ஆயிரத்து ஐநூறு. இரண்டாயிரம். இரண்டாயிரத்து எழுபத்து மூன்றில் அவரை இழுத்து வெளியே போட்டுவிட்டார்கள் என்று மேனேஜர் ஓடிவந்து சொன்னார். அவள் இன்னும் ஏழு அடி அடித்த பிறகுதான் மெஷின்காரர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடியிலிருந்து பிரித்தார்.

வீட்டுக்காரர் எண்ணெயில் முக்கியெடுத்த மாதிரி தரையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். தீயணைப்பு வண்டியும் அப்போதுதான் வந்தது. ஒரு எலும்புகூட முறியவில்லை, மறுபிறப்புதான் என்று மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் எதிரே உட்கார்ந்து அவர் தலை, தோள், விலா என்று தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் தன் வலது உள்ளங்கையைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். நடுவிரலுக்குக் கீழே ஒரு புள்ளி, கொசு கடித்த அளவு. ரத்தம்கூட இல்லை.

"வலிக்குதா?" என்றாள்.

"இல்ல," என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. "வண்டி வந்திருக்குல்ல, ஆஸ்பத்திரிக்குப் போவோம். இப்பவே."

போகிற வழியில்தான் சொன்னார். அழுத்தத்தில் இருக்கிற எண்ணெய் நூல் மாதிரி பாய்ந்தால் ஊசி மாதிரி தோலைக் குத்தி உள்ளே போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே சதைக்கு நடுவில் பரவிக்கொண்டே போகும். கூட வேலை பார்த்த ஒருத்தர் கொசுக்கடி என்று ராத்திரி தூங்கிவிட்டார், மறுநாள் முழங்கையோடு எடுக்க வேண்டி வந்தது. இதை ஒருநாளும் அவர் வீட்டில் சொன்னதில்லை. எண்ணெயைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னவர் இதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார்.

எந்த அடியில் அது உள்ளே போயிருக்கும்? நூற்றிப்பத்திலா, எண்ணூறிலா? ஒவ்வொரு அடியும் அவரைக் கொஞ்சம் தூக்கியது, அதே அடிதான் எண்ணெயை அவர் கைக்குள் தள்ளியது. இதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? டாக்டர் உள்ளங்கையை மணிக்கட்டு வரைக்கும் கிழித்துக் கழுவினார். சீக்கிரம் வந்ததால் கை பிழைத்தது என்றார். நடுவிரலும் மோதிரவிரலும் பிழைக்கவில்லை.

மாற்றுத்துணி எடுக்க அவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். பின்புறக் கதவைத் திறந்தாள். போர்வைகள் மத்தியானமே காய்ந்து, வெயிலில் மொறமொறவென்று ஆகியிருந்தன. ஒன்றைக்கூட மடிக்கவில்லை. கொடியின் நடுவே போய் நின்று முட்டுக்காலை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினாள். கொடி தொய்ந்தது, நாலும் மண்ணில் விழுந்தன. இரும்பின் பாரம் கையை இழுத்தது, அவ்வளவு பாரம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது, அவர் ஒன்றுமில்லாதது போலச் சுமந்து வந்து நட்டாரே. அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவோடு நடந்து அச்சகத்துக் குழியோரம் கொண்டுபோய் வைத்தாள். காவலாளி என்னக்கா இது என்று கேட்டதற்கு, இது இங்கே இருக்க வேண்டியது என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தார். வலது கை பந்து மாதிரி கட்டுப்போட்டு மேலே தொங்கியது. அவள் கட்டிலோரம் இருந்தாள். அவளுக்கும் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை, இடது கையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தாள். அவர் கட்டைப் பார்த்தார், விரல்களை எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"போர்வை காஞ்சுதா?" என்றார்.

வேடிக்கையாகத்தான் கேட்டார். அவள் மனசு என்ன பாடுபடும் என்று தெரிந்து, அதை லேசாக்கத்தான் கேட்டார். அது அவளுக்கும் தெரிந்தது.

"காஞ்சுதுங்க," என்றாள். அதற்கு மேல் முடியவில்லை. அவர் கட்டில் விளிம்பில் தலையை வைத்து, தொட்டி அறையில் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள்.